எடுத்தனூர்க் கல்லும் வேலூர்ப் பலகையும்



சற்று முன்பு, பட்டம் பெறும் மாணவர்களாகிய உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் இந்த மேடையில் வாசித்தார்கள். ஒரு சிற்றூர் தன் ஆள் ஒருவனின் பெயரை எப்படிக் காப்பாற்றியது என்பதை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. பொற்றொக்கையார் என்பவரின் சேவகன். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் இருந்தது என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் அழியவில்லை.

அந்தக் கல்லில் மகேந்திரவர்மப் பல்லவனும் வருகிறான். அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டு என்று காலம் குறிப்பதற்காக மட்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் பெருமையோடு எழுதிவைத்த மன்னன் அவன். எடுத்தனூர்க்காரர்களோ அவனை ஆண்டுக்கணக்கோடு நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தை எருமை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் கொடுத்தார்கள். தமிழக வரலாற்றில் இதைவிட எனக்கு நெருக்கமான ஆவணம் வேறில்லை.

இறந்தவனுக்கு இப்படிக் கல் நடுவது அந்த ஓர் ஊரின் பழக்கம் மட்டும் அல்ல. கல்லைத் தேர்ந்தெடுப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியமே இதற்கு முறை சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகல், ஆநிரைச் சண்டையில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களை நூலாக வெளியிட்டது 1972இல். அதுவரை இவற்றைக் காத்தவர்கள் யார்? தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாத கைகள்தாம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவிப் பொங்கல் வைத்தன. படித்தவர்களாகிய நாம் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அதே வட்டாரத்துக்கு அருகில், வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்னொரு கல், ஒரு நினைவுப் பலகை, இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. பெயர் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட பலகைகளை அன்றைய ஆங்கில அரசு இந்தியாவின் பல ஊர்களில் வைத்தது. இராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதினார்கள். இந்தப் பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. மாடு காத்தவனின் நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய மண்ணிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஒரு பேரரசு வெறும் எண்ணைக் கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தை உங்களிடம் ஒரு வேலையாகத் தருகிறேன். அந்த ஆணையத்தின் பதிவேடுகள் இன்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பல பதிவுகளில் இறந்தவரின் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும். தமிழ் தெரிந்தவர்தான் அவற்றை நேராக்க முடியும். வரலாறு படித்தவர்கள் தேடுங்கள், கணினி படித்தவர்கள் தொகுத்துக் கொடுங்கள். வேலூரில் அந்தப் பதினான்கு பேரிலிருந்து தொடங்கலாம்.