மண்ணீரலில் கட்டி
(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆட்டிறைச்சிக் கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் மண்ணீரல். நமக்கு அது இடப்பக்க விலா எலும்புகளுக்குள், கைமுட்டி அளவில், ஏறத்தாழ 150 கிராம் எடையில் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றுவதும், இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டுவதும் அதன் வேலை.

இதில் கட்டி தோன்றுவதே அரிது. புற்றல்லாத கட்டிகளில் ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய்க் கட்டியே அதிகம். நிணநீர்க்குழாய்க் கட்டி பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படுவது. மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கு தப்பி வளர்ந்தால் ஹமர்டோமா. லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்று ஒன்று. அதை 1991-இல்தான் தனி வகையாக விவரித்தார்கள். பெயர்களை மறந்துவிடலாம், நான் தேர்வு வைக்கப்போவதில்லை!

பெரும்பாலும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் இவை கண்ணில் படும். எங்களுக்குள்ள சிக்கல், இது சாதுவான கட்டியா, நிணநீர்ப் புற்றா என்று படத்தை மட்டும் பார்த்துப் பல நேரம் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி குத்தித் திசு எடுக்கலாமென்றால், இரத்தம் நிறைந்த உறுப்பு. கசியும் அபாயம் உண்டு. சிறியதாக, தொல்லையின்றி, ஐயத்துக்கு இடமின்றி இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவோம். பெரிதானால் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டலாம், தட்டணுக்கள் குறையலாம். அப்போது அறுவைதான்.

முடிந்தவரை குழந்தைகளுக்கு ஒரு பகுதியை மட்டும் எடுக்கவே முயல்வோம். மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளைக் கடும் கிருமித்தொற்று தாக்கியதை 1952-இல் கிங், ஷூமாக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதுவரை அது இல்லாமலும் வாழலாம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். இன்று, திட்டமிட்ட அறுவைக்கு இரு வாரம் முன்பே நிமோகாக்கஸ் உள்ளிட்ட கிருமிகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுகிறோம். ஆனாலும் ஆபத்து முழுதும் நீங்குவதில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அறுவை முடிந்தபின் அவள் தாய் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல சொல்லணுமா டாக்டர்? பிள்ளையை ஒதுக்கி வச்சிடுவாங்களோ?" கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். இது யாருக்கும் ஒட்டும் நோயன்று. அவள் எல்லாரோடும் அமரலாம், காயம் ஆறியபின் ஓடலாம், ஆடலாம். கட்டி இன்னும் உள்ளே இருக்கும் பிள்ளையை மட்டும், மருத்துவரைக் கேட்காமல் கபடியில் இறக்காதீர்கள்.

மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குக் காலை பத்து மணிக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், பாராசிட்டமால் கொடுத்துக் கடைசி மணி அடிக்கும்வரை பெஞ்சில் படுக்கவைக்க வேண்டாம். சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும். பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சீட்டு எழுதும் இடத்திலேயே, "மண்ணீரல் எடுத்த பிள்ளை" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.