"பொருளில்லை" என்றார்க்கு ஓர் ஆசிரியை கேட்ட வினா

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒரு மழைக்காலத்தில், எங்கள் பள்ளியின் கூரையொன்று சரிந்தது. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே அறையிற் புகுந்தன. ஒரு மூலையில் யான் செய்யுள் சொல்ல, மறுமூலையில் மற்றோர் ஆசிரியர் கணக்குச் சொல்ல, இரண்டும் கலந்து எதுவும் பிள்ளைகளின் செவியிற் சேராமற் போன காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது. கூரையைச் செப்பஞ் செய்து தருமாறு மேலிடத்திற்கு எழுதினோம், நேரிலும் சென்றோம். "பொருளில்லை" என்னும் ஒரு சொல்லே விடையாகக் கிடைத்தது. யான் தலையசைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாண்டுகள் அவ்வாறே கழிந்தன.

அன்று யான் செய்த பிழை கேளாமையன்று, கேட்டேன். ஒரு வினாவோடு நிறுத்திக் கொண்டதே பிழை. "பொருள் ஏன் இல்லை? தரவேண்டியவர் யார்? அவர் தந்தாரா?" என்னும் இரண்டாம் வினா என் நாவில் எழவில்லை. அவ்விரண்டாம் வினாவைக் கேட்டு, விடை கிடைக்கும் வரை ஓயாதிருந்த ஓர் ஆசிரியையைப் பற்றியே இன்று உங்கள்முன் பேச வந்துள்ளேன். அவர் பெயர் மார்கரெட் ஏலி. ஊர், அமெரிக்க நாட்டின் சிக்காகோ.

ஏலி அம்மையார் 1861 இல் இல்லினாய் மாநிலத்தில் ஐரியக் குடிவழியில் பிறந்தவர். பதினாறாம் அகவையிலேயே ஆசிரியப் பணிக்கு வந்துவிட்டார். பின்னர்ச் சிக்காகோ நகரில், ஆடுமாடுகளை வெட்டி இறைச்சியாக்கும் பெருங்கூடங்கள் சூழ்ந்த உழைப்பாளர் பகுதியில், ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தார். வெவ்வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் ஐம்பதின்மர் அறுபதின்மர் ஒரே வகுப்பில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த காலம் அது.

அந்நகரின் தொடக்கப் பள்ளி ஆசிரியரில் மிகப் பெரும்பாலோர் மகளிர். அவர்கள் 1897 இல் 'சிக்காகோ ஆசிரியர் கூட்டமைப்பு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உயராதிருந்த அவர்தம் சம்பளத்தைப் படிப்படியாக உயர்த்தக் கல்விக் குழு 1898 இல் இசைந்தது. முதற்படியைக் கொடுத்தது, அடுத்த படிகளைக் கொடுக்கவில்லை. கொடுத்ததையும் திரும்பப் பெற்றது. கரணியம் என்ன? நீங்களே அறிவீர்கள்: "பொருளில்லை."

இங்கேதான், அன்பர்களே, அம்மையார் நம்மின் வேறுபட்டு நிற்கின்றார். 1900 இல் அவர் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, கூட்டமைப்பின் முழுநேரச் சார்பாளராகப் பொறுப்பேற்றார். காத்தரின் காகின் என்னும் மற்றோர் ஆசிரியை அவருக்குத் துணை நின்றார். இருவரும் தெருவில் நின்று கூவவில்லை. வரிக் கணக்கேடுகளைத் தேடிப் போனார்கள். வகுப்பில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திய கைகள் அரசின் கணக்கைத் திருத்தப் புகுந்தன.

அவர்கள் கண்டது என்ன? தெருவில் தண்டவாள வண்டி ஓட்டிய குழுமங்களும், எரிவளியும் மின்னும் தொலைபேசியும் வழங்கிய குழுமங்களும் தாம் இறுக்க வேண்டிய வரியில் பெரும்பகுதியை இறுக்கவில்லை என்பதே. எரிவளிக் குழுமம் ஒன்றின் செல்வம் அதன் இரும்புக் குழாய்களில் மட்டும் இல்லை. அக்குழாய்களை ஊரார் தெருவின்கீழ்ப் புதைக்க அது பெற்றுள்ள தனியுரிமையில் இருக்கின்றது. தெரு ஊரார்க்கு உரியது; அதனைத் தோண்டும் உரிமையோ ஒரு குழுமத்திற்கு உரியது. அவ்வுரிமையின் மதிப்பிற்கும் வரி விதிக்க வேண்டுமென மாநிலச் சட்டம் கூறியது. விதிக்க வேண்டிய மாநில வரி மதிப்பீட்டுக் குழுவோ அதனை விதிக்கவில்லை. ஏழை தன் சிறு குடிலுக்கு வரி இறுத்தான். நகரத் தெருவனைத்தையும் ஆண்ட குழுமம் அத்தனியுரிமைக்கு இறுக்கவில்லை.

தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விடத்தில் நம் சொல்லொன்று நினைவிற்கு வருகின்றது. 'இறை' என்பது நம் மொழியில் அரசனையும் குறிக்கும். அவனுக்குக் குடிகள் இறுக்கும் வரியையும் குறிக்கும். வரி நீக்கப்பெற்ற நிலத்தை நம் கல்வெட்டுகள் 'இறையிலி' என்னும். எந்நிலத்தை யாருக்கு இறையிலியாக்கினர் என்பதைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தனர். அவ்வழக்கத்தில் நயன்மை இருந்ததா என்பது வேறு வழக்கு. ஒளிவு இல்லை என்பது மட்டும் உறுதி. சிக்காகோவில் நிகழ்ந்ததோ கல்லில் வெட்டாத இறையிலி. ஊரார் அறியாத இறையிலி. சட்டம் ஒன்று கூற, ஏடு வேறொன்று காட்டிய இறையிலி. அதன் சுமையைத் தாங்கியவர்கள் நெருக்கியடித்த வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள்.

ஆசிரியைகள் வழக்குத் தொடுத்தனர். "பாடஞ் சொல்லிக் கொடுக்க வேண்டிய மகளிர்க்கு முறைமன்றத்தில் என்ன வேலை?" என்னும் ஏளனத்தையும் தாங்கினர். 1901 இல், அமெரிக்கக் கல்வியாளர் மாநாட்டில், நாட்டின் தலைமைக் கல்வி ஆணையரின் கருத்தை மறுத்து அம்மையார் எழுந்து பேசியபோது, ஆண்டு முடிவில் களைத்துச் சோர்ந்துவந்த ஒரு வகுப்பாசிரியையின் பேச்சு இது, பொருட்படுத்தற்க என்று அப்பெரியவர் தள்ளிவிட்டார். களைப்பை மட்டும் கண்டாரேயன்றி, அக்களைப்பின் கரணியத்தை அவர் வினவவில்லை. அதே 1901 இல், அத்திங்கள்களுக்குள்ளேயே, இல்லினாய் மாநிலத் தலைமை முறைமன்றம் ஆசிரியைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியுரிமைகளுக்கு வரி மதிக்கப்பட்டே ஆக வேண்டும் என்றது.

குழுமங்கள் விடவில்லை. நடுவணரசின் முறைமன்றத்திற்குச் சென்று வரித் தொகையைக் குறைத்துக் கொண்டன. குறைத்த பின்னும் ஏறத்தாழ 6,00,000 தாலர் பொதுக் கருவூலத்திற்கு வந்தது. அதில் ஏறத்தாழ 2,50,000 தாலர் பள்ளிகளின் பங்கு. கல்விக் குழு என் செய்தது? ஆசிரியைகள் தேடிக் கொணர்ந்த பொருளை நிலக்கரிக் கடனுக்கும் கட்டடச் செப்பத்திற்கும் செலவிட்டு, சம்பளத்திற்கு மீண்டும் "பொருளில்லை" என்றது! அம்மையார் மீண்டும் வழக்காடினார். எட்வர்டு டன் என்னும் நடுவர் 1904 இல் ஆசிரியைகளுக்கே தீர்ப்பளித்தார். மறு ஆண்டே அவர் நகர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார் என்பது, ஊரார் உள்ளம் எப்பக்கம் இருந்தது என்பதற்குச் சான்று.

ஊரார் உள்ளம் எவ்வாறு அப்பக்கம் வந்தது? அக்காலத்தில் சிக்காகோ மகளிர்க்கு நகர்த்தலைவரைத் தேரும் ஒப்போலை உரிமை இல்லை. 1913 இல்தான் அவ்வுரிமை வந்தது. கல்விக் குழுவினரை அமர்த்துபவரோ நகர்த்தலைவர். ஆகலின், ஒப்போலை இல்லாத ஆசிரியை, ஒப்போலை உள்ள உழைப்பாளியை நாடினாள். 1902 இல் ஆசிரியர் கூட்டமைப்பு, சிக்காகோ தொழிலாளர் ஒன்றியத்தோடு இணைந்தது. "கற்றறிந்த மகளிர், கரி படிந்த கையினரோடு ஒரே விரிப்பில் அமர்வதா?" என்று பெரிய வீட்டார் முகஞ்சுளித்தனர். அக்கரி படிந்த கையினர் யார்? வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் அல்லரோ? பிள்ளையைத் தொடலாம், தந்தையைத் தொடலாகாது என்னும் கல்வி என்ன கல்வி!

1904 இல் செயின்ட் லூயிசு நகரில் கூடிய கல்வியாளர் மாநாட்டில் அம்மையார், ஆசிரியர் ஏன் ஒன்றுசேர வேண்டும் என்பது பற்றி உரையாற்றினார். போதாச் சம்பளம், நிலையில்லாப் பணி, நெரிசல் மிக்க வகுப்பு ஆகியவற்றைச் சொன்னவர், இறுதியில் மிகப் பெரிய குறையொன்றைச் சுட்டினார். பள்ளியைத் தொழிற்கூடமாக்கி, மேலோர் எண்ணியதைக் கீழோர் எண்ணாமல் செய்துமுடிக்கும் பொறியாக ஆசிரியனை மாற்றுகின்றனர் என்பதே அது. குடியாட்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவன் தானே அடிமையாய் இருந்தால் எதனைக் கற்பிப்பான்?

சம்பளத்திற்காக மட்டும் எழுந்த அமைப்பு அஃது என்பார்க்கு இன்னொரு செய்தி கூறுவேன். 1913 இல், பள்ளிக்கல்வியை இரண்டாகப் பிரித்து, ஒருசாராருக்குப் பொதுக்கல்வியும் மற்றொரு சாராருக்குத் தனியே தொழிற்கல்வியும் தர ஒரு சட்ட முன்வரைவு எழுந்தது. நகரின் பெருவணிகர் அதனைத் தாங்கி நின்றனர். வரைந்தவர் பெயர் எட்வின் கூலி. அவர் பெயருக்கும் நம் 'கூலி' என்னும் சொல்லுக்கும் தொடர்பில்லை. ஆயினும் உழைப்பாளியின் பிள்ளை கூலியாகவே இருக்கட்டும் என்னும் அவ்வரைவுக்கு அப்பெயர் நன்றாகவே பொருந்தியது! ஆசிரியர் கூட்டமைப்பும் தொழிலாளர் ஒன்றியமும் கைகோத்து எதிர்த்தன. வரைவு சட்டமாகவில்லை. இதில் ஆசிரியைகளுக்கு ஒரு தாலரும் கூடவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி எஞ்சியது.

வெற்றியை மட்டும் சொல்லி அமர்ந்தால் யான் உண்மைக்கு மாறாவேன். 1915 இல், சேக்கப்பு லோபு என்பவர் முன்னின்று, ஆசிரியர் எவரும் தொழிற்சங்கத் தொடர்புடைய அமைப்பில் உறுப்பினராய் இருத்தலாகாது என்னும் விதியைக் கல்விக் குழுவில் நிறைவேற்றினார். 1916 இல் 68 ஆசிரியர்க்கு மறுபணி மறுக்கப்பட்டது. அவருள் 38 பேர் கூட்டமைப்பினர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காத்தரின் காகின் தெருவில் ஊர்தி மோதி இறந்திருந்தார். வழக்குத் தொடுத்தனர், 1917 இல் மாநிலத் தலைமை முறைமன்றம், எவரைப் பணியமர்த்துவது, எவரை மறுப்பது என்பது கல்விக் குழுவின் முழு உரிமை என்றது. 1901 இல் நயன்மை வழங்கிய அதே மன்றம்!

அம்மையார் முன் இரண்டு வழிகள் இருந்தன. கொடியைப் பிடித்துக்கொண்டு, பணியிழந்த ஆசிரியைகளைத் தெருவில் விடுவது ஒன்று. கொடியைத் தாழ்த்தி அவர்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவது மற்றொன்று. பதினைந்து ஆண்டுகளாகத் தாமே வளர்த்த தொழிலாளர் உறவை 1917 இல் அவர் அறுத்துக் கொண்டார். நீக்கப்பட்டோர் பணிக்குத் திரும்பினர். அதே ஆண்டில், தகுதிகாண் காலம் முடித்த ஆசிரியர்க்குப் பணிநிலைப்பு அளிக்கும் சட்டமும் மாநிலத்தில் இயற்றப் பெற்றது. அம்மையார் தோற்றார் என்பாரும் உளர். வளைந்து காத்தார் என்பாரும் உளர். யான் கருதுவது இது: அவர் தம் பெயரைக் காத்துக்கொள்ளத் தம் தோழியரின் சோற்றைப் பணயம் வைக்கவில்லை. ஒரு தலைமைக்கு இதனினும் கடிய தேர்வு இல்லை. அவர் 1939 இல் மறையும்வரை கூட்டமைப்பின் பணியைக் கைவிடவில்லை.

ஆசிரியப் பெருமக்களே! நூறாண்டுகளுக்கு முந்திய ஓர் அயல்நாட்டுச் செய்தியை உங்களுக்கு ஏன் கூறினேன்? நம்மவர் பலர் அமைப்பென்றால் கைநீட்டும் கூட்டம் என்று எண்ணுகின்றனர். நம்முள்ளும் சிலர் அவ்வாறே ஆகிவிட்டனர். ஏலி அம்மையார் கையை நீட்டவில்லை, விரலை நீட்டினார். கொடுங்கள் என்று கேட்பதோடு நில்லாமல், கொடாதவர் இவர் என்று சான்றோடு சுட்டினார். ஆசிரியர்க்குரிய நயன்மையும் பிள்ளைக்குரிய நயன்மையும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்கள் என்பதைக் கண்டார். பிள்ளைக்கு வரவேண்டியதை மறைத்தவனே ஆசிரியர்க்கும் மறைத்தான்.

என் பள்ளியின் அக்கூரை பின்னர் ஒருவாறு செப்பமுற்றது. ஆனால் அவ்விரண்டாண்டுகளில் என்னிடம் பயின்ற பிள்ளைகளுக்கு அவ்விரண்டாண்டுகளைத் திருப்பித் தர எவராலும் இயலாது. அக்கடன் என் கணக்கில் நிற்கின்றது. உங்கள் கணக்கில் அது நிற்க வேண்டாம். இனி உங்களிடம் எவரேனும் "பொருளில்லை" என்றால், தலையசைத்துத் திரும்பாதீர்கள். பணிவோடு, ஆனால் அமர்ந்த இடத்தினின்று எழாமல், "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கணக்குச் சொல்லிக் கொடுப்பது நம் தொழில். கணக்குக் கேட்பதும் நம் கடமையே.