தையலும் தண்ணீர்ச் செம்பும்

துடியலூர் சுற்றுவட்டாரத்தில் செவிலியராக வேலை பார்ப்பவள் நான். பிள்ளை பெற்றவளுக்கு என்ன கவனிப்பு வேண்டும் என்று கேட்டால், உதிரப்போக்கு, காய்ச்சல், ரத்த அழுத்தம், குழந்தையின் எடை, தடுப்பூசி என்று நாங்கள் வரிசையாகச் சொல்வோம். எல்லாமே உயிர் காக்கும் விஷயங்கள். ஆனால் அந்தத் தாயின் மனதில் முதலில் நிற்பது வேறு.

வெள்ளக்கிணறு பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சுகப்பிரசவமாகி நான்காம் நாள். பால் கொடுப்பது, தொப்புள்கொடி என்று நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். குழந்தையின் அம்மிச்சி காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வெளிக்குப் போனா தையல் பிரிஞ்சுருமாங்க?" அந்தப் பயத்தில் நாள்கணக்காக அடக்கி வைத்திருக்கிறாள். 'வயிறு பெருத்துரும்' என்று தண்ணீரையும் அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, மலம் கழிப்பதால் தையல் பிரிவது மிக அரிது. சுத்தமான துணியை மடித்துத் தையல்மேல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலியைத் தாங்கிக்கொள்ளலாம். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். கீரை, பழம் சாப்பிடுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குடித்து வயிறு பெருக்காது. அம்மிச்சிமார்களே, பச்சை உடம்புக்காரிக்கு நீங்கள் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். கூடவே தண்ணீர்ச் செம்பையும் அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இந்தக் கேள்வியை அவள் ஏன் ஆஸ்பத்திரியிலேயே கேட்கவில்லை? சுற்றிலும் ஆட்கள். நாங்களோ, வீட்டுக்குப் போக வண்டி வந்து நிற்கும்போது எல்லா அறிவுரையையும் ஒரே மூச்சில் கொட்டுகிறோம். சக செவிலியர்களே, திரையை இழுத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டால் அவள் சொல்வாள். பிரசவமானபின் 24 மணி நேரமாவது மருத்துவமனைக் கவனிப்பு, பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாம் வாரத்தில் என்று மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த ஒவ்வொரு முறையும் அவள் மனம்விட்டுப் பேச ஒரு வாய்ப்பு.

நேரம் முடியப் போகிறது, அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல், கடுந்தலைவலி, கண் மங்கல், கெண்டைக்கால் வலி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் சோர்வும் விடவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், 104 உதவி எண்ணிலும் பேசலாம்.

அடுத்த முறை எங்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது, மாமியாரும் வீட்டுக்காரரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் திண்ணைக்குப் போய்விடுங்கள். அவள் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்டுவிடட்டும்.