முயலின் காதில் ஒரு சாளரம்

காயம் ஆறும் என்பதை யாவரும் அறிவோம். அது உள்ளே எவ்விதம் ஆறுகிறது என்பதைக் கண்ணால் காண்பதுதான் நெடுங்காலம் அரிதாயிருந்தது. கொன்ற பிராணியின் தசையைச் சீவி உருப்பெருக்கியின்கீழ் வைத்தால், அந்த ஒரு கணத்து நிலை மட்டுமே புலனாகும். மறுநாளைய நிலையை அறிய மற்றொரு பிராணியைக் கொல்ல வேண்டும்.

1924இல் அமெரிக்க ஆய்வாளர் சாண்டிசன் இதற்கு வழி கண்டார். முயலின் காதில் துளையிட்டு, ஒளி புகும் சிற்றறை ஒன்றை அதில் பொருத்தினார். துளையை மூட வளர்ந்த புதிய தசை, அவ்வறைக்குள் மெல்லிய படலமாய்ப் பரவிற்று. எலியட் கிளார்க்கும் அவர் மனைவி எலினரும் இம்முறையால் ஒரே முயலை வாரக்கணக்கில் கவனித்து வந்தனர். நுண்ணிய ரத்தக் குழாய்கள் மொட்டுவிட்டு நீண்டு, ஒன்றோடொன்று கூடுவதைக் கண்டனர். ரத்தம் பாயாத குழாயோ, நீர் வராத வாய்க்கால் தூர்ந்து போவதுபோல், சுருங்கி மறைந்தது.

சுவீடனில் பிரோனெமார்க் என்பார், 1950களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடுடைய சாளரம் அமைத்து, உள்ளே மஜ்ஜையில் ரத்தம் ஓடுவதை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்ற முயன்றபோது, அது வரவில்லை. எலும்பு உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது! அவர் தேடியது ஒன்று, கிட்டியது வேறொன்று. 1965இல் நோயாளி ஒருவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் செயற்கைப் பற்களைப் பொருத்தினார். இதற்கு அவர் வழங்கிய 'ஆசியோஇன்டக்ரேஷன்' என்ற பெயரை 'எலும்பிணைவு' எனத் தமிழாக்கலாம். 'ஒருங்கிணைப்பு' என்றால் அரசாங்கக் கோப்பின் வாடை வீசும்.

முயலுக்கு வலிக்காதா என நேயர்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய ஆய்வுகளைத் தடை செய்யவில்லை. ஆயினும், அறுவைக்குமுன் மயக்க மருந்து கொடுத்தல் முதலிய நெறிகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க இடமளிக்கிறது. சிறு பிராணி போதுமாயின் பெரியதைத் தவிர்க்கவேண்டும் என்றும் கூறி, அச்சிறு பிராணிகளுள் முயலின் பெயரையே குறிப்பிடுகிறது. முயலுக்கு இதில் ஆறுதல் ஏதுமில்லை. எனினும், ஒன்றையே பலநாள் பார்க்க முடிந்தால், நாளுக்கொன்றாய்ப் பல முயல்களைக் கொல்ல வேண்டியதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் பிரோனெமார்க், தாமே முன்வந்த மாணவர்களின் மேற்கையிலும் டைட்டானியச் சாளரம் பொருத்தி, மனித ரத்தத்தின் ஓட்டத்தையும் கண்டார்.