பானை ஓட்டில் எழுதிய பெயர்



கிரேக்க நாட்டின் பெரும்பகுதி மலைதான். இடையிடையே சின்னச் சின்னச் சமவெளிகள், சுற்றிலும் கடல். மலையைக் கடந்து பக்கத்து ஊருக்கு நடப்பதைவிட, தீவு ஒன்றுக்குப் படகில் போவது பல இடங்களில் எளிது. ஒலிவமும் திராட்சையும் நன்றாக விளைந்தன. தானியத்துக்கோ ஏதென்ஸ் கருங்கடல் கரையை எதிர்பார்த்திருந்தது.

கிரேக்கத்தைச் சூழ்ந்த கடலில் முதலில் செழித்தவர்கள் கிரீட் தீவின் மினோவர்கள். அவர்கள் எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. அடுத்து வந்த மைசீனியர்களின் எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்பவர் படித்துக் காட்டினார். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர்! களிமண் பலகைகளில் காவியம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்: ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, தானியக் கணக்கு. கி.மு. 1200 வாக்கில் மைசீனியர்களின் அரண்மனைகளும் அழிந்தன. சில நூற்றாண்டுகளுக்கு எழுத்தே மறைந்துபோனது.

கிரேக்கம் மீண்டும் எழுந்தபோது பேரரசு எதுவும் உருவாகவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் இன்னொன்று என நூற்றுக்கணக்கான நகர அரசுகள். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், அவர்களைக் கண்காணிக்க ஆண்டுதோறும் ஐந்து அதிகாரிகள். வயலில் பாடுபட்டதோ ஹெலட் என்ற அடிமைக் குடிகள்.

ஏதென்ஸில் கிளைஸ்தனீஸ் கி.மு. 508 வாக்கில் கொண்டுவந்த சீர்திருத்தம் குடியாட்சிக்கு வழிவிட்டது. ஊர் சிறியது, ஆகவே குடிமக்கள் குன்றின்மேல் நேரில் கூடி முடிவெடுக்க முடிந்தது. கூட்டத்துக்கான அலுவல்களை ஆயத்தம் செய்த 500 பேர் மன்றத்துக்குப் பின்னாளில் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏதென்ஸ் குடிமக்களிடம் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. யாராவது அளவுக்கு மீறி வளர்கிறார் என்று தோன்றினால், உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடலாம். மொத்தம் 6000 ஓடுகள் சேர்ந்துவிட்டால், அதிக ஓடுகளில் பெயர் உள்ளவர் பத்தாண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்த தெமிஸ்டோக்ளீஸையே சில ஆண்டுகளில் இப்படி அனுப்பிவைத்தார்கள்.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸின் பெயர். கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான்! எழுதத் தெரியாதவர்களுக்குச் செய்த உதவி என்பார் உண்டு. எனக்கென்னவோ, எதிராளிகள் முன்கூட்டியே எழுதிக் குவித்து, விநியோகம் போக மிஞ்சியதைக் கிணற்றில் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் படுகிறது.