ஊதுபவர் ஒருவர், உயிரிழப்பவர் வேறொருவர்



"காசு என்னுடையது, உதடு என்னுடையது, நுரையீரல் என்னுடையது, நான் புகைப்பதிலே குறுக்கிட நீ யார்?" என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். உரிமை பேசுவோர்மீது நமக்கு வெறுப்பில்லை. ஆனால், திருப்பிக் கேட்கிறேன்: உதடு உன்னுடையது, ஒப்புக்கொண்டேன்; புகை யாருடையது? உன் தொட்டிலிலே உறங்கும் பச்சிளங் குழந்தையின் மூக்கிலே அது நுழைகிறதே, அந்தக் குழந்தையின் அனுமதியைப் பெற்றா நுழைகிறது?

இழுத்து ஊதும் புகை ஒன்று. விரலிடுக்கிலே இருக்கும்போதே கனலும் முனையிலிருந்து கிளம்பும் புகை மற்றொன்று. அறையிலே சூழ்வதிலே பெரும்பகுதி இந்த இரண்டாவது புகைதான். பஞ்சு வைத்த சிகரெட் என்று பெருமை பேசுகிறார்களே, அந்தப் பஞ்சு இழுப்பவர் வாயோரத்திலே இருக்கிறது. பக்கத்திலே இருப்பவருக்கு ஏது பஞ்சு? புகையிலே கலந்துள்ள வேதிப்பொருள்கள் 7,000-க்கும் மேல். அவற்றிலே ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை என்கிறது மருத்துவ உலகம்.

ஜப்பான் நாட்டிலே தகேஷி ஹிராயாமா என்றோர் ஆய்வாளர். புகையே பிடிக்காத மனைவியர் 91,540 பேரை, 1966 முதல் 1979 வரை பதினான்கு ஆண்டுகள் கணக்கெடுத்தார். கணவன் நாளும் ஒரு பெட்டி சிகரெட்டை ஊதித் தள்ளும் வீடுகளிலே, மனைவி நுரையீரல் புற்றுநோயால் மாளும் வாய்ப்பு, புகைக்காதவரின் மனைவிக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டார். 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதனை வெளியிட்டது.

சும்மா இருப்பாரா புகையிலை முதலாளிகள்? கணக்கிலே பிழை என்று அமெரிக்கப் பத்திரிகைகளிலே விளம்பரம் செய்தனர். ஆனால், அவர் ஆய்வு சரியானதே என்று தங்கள் ஆலோசகர்களே உள்ளுக்குள் கருதியதை அந்நிறுவனங்கள் அறிந்திருந்தன. பின்னாளிலே வெளிவந்த அவர்களுடைய கடிதக் கட்டுகளே அதற்குச் சாட்சி! வெளியிலே மறுப்பு, உள்ளே ஒப்புதல். இடையிலே உயிர்விட்டவர் எத்தனை பேரோ!

புற்றுநோய் மட்டுந்தானா? பிறர் புகையால் இதயநோய் வருகிறது. குழந்தைகளுக்கு ஆஸ்துமா முற்றுகிறது. நிமோனியாவும் காதுநோயும் தாக்குகின்றன. இத்தனை அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என 2006-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை தெளிவுபடுத்திற்று. சன்னலைத் திறந்துவைத்தேன், மின்விசிறியைச் சுழலவிட்டேன் என்பதெல்லாம் மனத்தைத் தேற்றுமே தவிர, நுரையீரலைக் காக்காது. புகையே பிடிக்காமல், பிறர் புகையாலே மாள்வோர் உலகிலே ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேல்!

நம் நாட்டிலே, முரளி தியோரா தொடுத்த வழக்கிலே, 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் பொது இடங்களிலே புகைப்பதைத் தடுத்தது. புகைக்காதவனை நச்சுக்காற்றுக்கு ஆளாக்குவது அவனுடைய வாழ்வுரிமையைப் பறிப்பதாகும் என்பதே அதன் அடிப்படை. 2003-இல் சட்டம் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களையும் சேர்த்து விதிகள் விரிந்தன. நல்ல சட்டந்தான். ஆனால், அந்தச் சட்டம் வீட்டு வாயிற்படியிலே நின்றுவிடுகிறது. ஹிராயாமா எண்ணிய மனைவியரோ, வாயிற்படிக்கு உள்ளே வாழ்ந்தவர்கள்!

"வெளியே சென்று புகையுங்கள்" என்று கணவனிடம் சொல்லத் துணிந்த மனைவியர் எத்தனை பேர்? முதலாளியிடம் சொல்லத் துணியும் கடைப்பையன் உண்டா? தொட்டிற் குழந்தைக்குப் பேச்சே வரவில்லை. எதிர்த்துப் பேச இயலாதவர்மீது சுமத்தப்படும் தீங்குக்குப் பழக்கம் என்றா பெயர்? ஆதிக்கம் என்று பெயர், தோழர்களே!

ஆதலால், நம் படிப்பகத்திலே, மன்றத்திலே, செயற்குழு கூடும் அறையிலே இன்றுமுதல் புகை வேண்டாம். பெரியவர் புகைத்தாலும் சிறியவர் தயங்காமல் தடுக்கட்டும். தடுத்தவரைப் பெரியவர் பாராட்டட்டும். விட முடிந்தவர் இன்றே விடுங்கள். விட முடியாதவர், வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு விலகிச் சென்று புகையுங்கள். மேடையிலே சமத்துவம் முழங்கும் நாம், வீட்டுக் கூரையின்கீழ் உள்ள காற்றையாவது சமமாகப் பங்கிட வேண்டாமா?