ஆயிரத்தில் ஒருவருக்கு

வயல்வேலையையும் கடையையும் இன்று ஒருநாள் விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பட்டத்தைக் கண்ணாரப் பார்க்க வந்திருக்கும் தாய் தந்தையரே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, பந்தி போடும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

உங்கள் கல்லூரி இருக்கும் இந்தக் கொட்டாம்பட்டி எனக்கு அயலூர் அல்ல. திருச்சி சாலையில் இங்கிருந்து மேலூர் போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர்தான் என்னுடையது. 1991 ஆவணியில் நான் தொடங்கிய பதினாறு பக்க மாத இதழின் முதல் கட்டை இந்த ஊர் அஞ்சலகத்தில்தான் கொண்டுவந்து கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த இதழை அச்சிலும் இப்போது மின்னஞ்சலிலும் நடத்தி வருகிறேன். அதனால்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைப் பற்றியே பேசுகிறேன்: எழுதியதை யாருக்கு, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில் நான் இரண்டு முறை தப்பாக முடிவெடுத்தேன், இரண்டு முறையும் திருத்திக்கொண்டேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா மைதா பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். இதழை மூன்றாக மடித்து, நான்கு விரல் அகலத் தாளை அதன் இடுப்பில் சுற்றி ஒட்டுவது தங்கையின் வேலை. அந்த ராப்பரின் மேல் முகவரி எழுதுவது என் வேலை. முந்நூற்று எண்பது சந்தாதாரர்கள். அச்சடித்த சீட்டு கிடையாது, எல்லாம் கையெழுத்துத்தான். நத்தத்தில் ஒரு பஸ் கண்டக்டர். கருங்காலக்குடியில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். சிங்கம்புணரியில் கயிறு திரிக்கும் குடும்பத்து அக்கா ஒருவர்; எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெயர்களை எழுதும்போது, அடுத்த இதழில் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாக மனதில் ஓடும். அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

1996-இல் எனக்கு ஆசை வந்தது. முந்நூற்று எண்பது பேர் போதுமா? கடைகளில் தொங்கவிட்டால் ஆயிரக்கணக்கில் போகுமே என்று நினைத்தேன். இரண்டாயிரம் பிரதி அடித்தேன். ஏஜென்ட் பிடித்தேன். அட்டைக்குப் பளபளப்புத் தாள் போட்டு, பஸ் நிலையக் கடையில் கண்ணில் படுகிற மாதிரி சினிமாப் படம் வைத்தேன். முகவரி எழுத நேரமில்லாமல் சீட்டு அச்சடித்து ஒட்டினோம். நான்காம் மாதம் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ரிட்டன் கட்டுகள் இறங்க ஆரம்பித்தன. விற்ற பிரதிகளுக்குப் பணம் வரவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு அம்மாவின் வளையல் போனது.

ஆனால் என்னை உலுக்கியது அந்தக் கடன் அல்ல. சிங்கம்புணரி அக்கா ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தார். ‘தம்பிக்கு. இதழ் மாதாமாதம் வருகிறது. ஆனால் எனக்கு வந்த மாதிரி இல்லை. வேறு யாருக்கோ போட்டது தவறி இங்கே வந்த மாதிரி இருக்கிறது.’ அவ்வளவுதான். கூட்டி எழுதவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த அட்டை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நான் அட்டைப்படத்துக்காக மேட்டர் தேட ஆரம்பித்த மாதத்திலிருந்தே என் எழுத்து கெட்டுவிட்டது. அதை எந்த விமர்சகரும் சொல்லவில்லை. கயிறு திரிக்கும் ஒரு பெண் சொன்னார்.

நான்கு மாதம் இதழை நிறுத்தினேன். மதுரையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து பைண்டு செய்த தொகுதிகளை எடுத்து முன்னால் வைத்தார். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’.

தம்பி தங்கைகளே, செல்லப்பா நமக்குத் தூரத்து ஆள் இல்லை. மதுரைக்கு மேற்கே இருக்கும் வத்தலக்குண்டுக்காரர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யரும், ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவும் அதே ஊர்தான். செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் ‘எழுத்து’ மாத இதழைத் தொடங்கினார். குமுதமும் கல்கியும் விகடனும் லட்சக் கணக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இவரோ இதழ் கடையில் கிடைக்காது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே வரும், இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டுத் தொடங்கினார். அந்த இரண்டாயிரத்தை அது எட்டவே இல்லை.

பலர் இதைப் பிடிவாதம் என்றார்கள். அன்று இரவு அந்தத் தொகுதிகளைப் புரட்டியபோது எனக்கு அது கணக்கறிந்து எடுத்த முடிவு என்று பட்டது. கடைக்குப் போகாததால் அட்டையில் கவர்ச்சி தேவைப்படவில்லை. விளம்பரக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிக்கிறவர் யார் என்று தெரிந்ததால் அவரையே எழுத வைக்க முடிந்தது. முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் கவிதை. இரண்டு மாதத்தில் பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமியின் கவிதை. அடுத்த வருடம் திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவர் எழுதி அனுப்புகிறார். அவர்தான் தருமு சிவராம், பின்னாளில் பிரமிள். வடக்கே உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன் இந்தப் பக்கங்களில்தான் விமர்சகர் ஆனார். சி. மணியும் வைத்தீஸ்வரனும் இங்கே எழுதினார்கள். 1962-இல் அதே இதழின் கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பாக வந்தன. இன்று நீங்கள் பாடத்தில் படிக்கும் புதுக்கவிதை, இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாத ஒரு தபால் கட்டிலிருந்துதான் வேர் பிடித்தது.

அவரும் வழியை மாற்றிக்கொண்டார் என்பதை நான் குறித்துக்கொண்டேன். பணம் போதாதபோது புத்தகங்களை மூட்டையாகத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய், மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் நேரில் விற்றார். கடைசியில் மாத இதழைக் காலாண்டிதழ் ஆக்கினார். 1970-இல் நின்றபோது 119 இதழ்கள் வந்திருந்தன. காலத்தையும் வடிவத்தையும் விற்கும் முறையையும் மாற்றினார். யாருக்காக என்பதை மட்டும் மாற்றவில்லை. நம் மண்ணின் மாட்டையும் மனிதரையும் பற்றிய ‘வாடிவாசல்’ நாவலை ‘எழுத்து’ தொடங்கிய அதே 1959-இல் தானே புத்தகமாகப் போட்டார். இன்று அது பதிப்பு மேல் பதிப்பாகப் போகிறது, ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. மூன்று பாகமாக எழுதிய ‘சுதந்திர தாகம்’ நாவலையும் தன் எண்பதுகளில் தானே வெளியிட்டார். 1998-இல் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது 2001-இல். அவர் கையில் அது கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

நான் ஊருக்குத் திரும்பி, ஏஜென்ட்களுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். மறுபடி மைதா பசை, மறுபடி கையெழுத்து முகவரி. முதல் ராப்பரில் சிங்கம்புணரி அக்காவின் பெயரை எழுதினேன்.

யாருக்காக எழுதுகிறோம் என்று யோசிக்கும்போது எனக்கு ஒரு பாறை நினைவுக்கு வரும். மாணவப் பருவத்தில் விடுமுறை நாளில் கருங்காலக்குடிக் குன்றில் ஏறுவோம். பஞ்சபாண்டவர் குட்டு என்று சொல்வார்கள். பாறைக்கு அடியில் சமணத் துறவிகள் படுத்த படுக்கைகள், மேலே தமிழ்ப் பிராமியில் ஒரே ஒரு வரி. ஓர் ஊரின் பெயரும் ஓர் ஆளின் பெயரும் அதில் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடமாக அங்கேயே இருக்கிறது. அந்த இடத்துக்கு ஏறி வருகிறவனுக்காக வெட்டிய எழுத்து அது. வேர்க்கடலை தின்றுகொண்டே அதன்மேல் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் யாராவது இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே போய்விட்டு வாருங்கள். எழுத்தின்மேல் மட்டும் கை வைக்காதீர்கள். அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாவது தப்பு இந்தக் கால விவகாரம். 2019-இல் மின்னஞ்சல் இதழ் தொடங்கினேன். அனுப்பச் செலவில்லை, உலகம் முழுக்கப் போகும். மாத இதழ் வார இதழாயிற்று. நாலாயிரம் முகவரி சேர்ந்தது. தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால், எத்தனை பேர் திறந்தார்கள் என்று கைப்பேசியில் பார்ப்பேன். எண் ஏறினால் சந்தோஷம், இறங்கினால் அந்த நாளே கெட்டுப்போகும். தலைப்பில் புதிர் போட ஆரம்பித்தேன். இருபத்து மூன்று வருடம் கழித்து அதே பளபளப்பு அட்டை, இம்முறை காகிதம் இல்லாமல்.

ஒருநாள் நாலாயிரம் பேருக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்: கடைசியாக நான் எழுதியதில் உங்களுக்கு நினைவிருப்பது எது? நூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் சொன்னது, வார இதழ் தொடங்குவதற்கு முன்னால் நான் மாதம் முழுக்க உட்கார்ந்து எழுதிய கட்டுரைகளை. அன்றைக்கே முடிவெடுத்தேன். இதழ் மறுபடி மாத இதழ். தொடர விரும்புகிறவர்கள் ஒரு வரி எழுதினால் போதும், மற்றவர்களுக்கு வருத்தமில்லாமல் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். தொள்ளாயிரம் பேர் தங்கினார்கள். கைப்பேசியில் படிக்க முடியாத பெரியவர்களுக்காக நூற்று நாற்பது பிரதி இன்னும் காகிதத்தில் அடிக்கிறேன்.

தினமும் எழுதுவதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாளில் தொடங்கி 2020 வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையைத் தன் இணையதளத்தில் நாளுக்கு ஒரு அத்தியாயமாக எழுதினார், இருபத்தாறு நாவல்கள். அந்த வேகம் அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலைக்குப் பொருந்தியது, அதற்கென்று வாசகர் கூட்டமும் அமைந்தது. எனக்கு அது பொருந்தவில்லை. பிறர் வேகத்தை இரவல் வாங்கினால் காலில் முள் குத்தும்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மதுரை மாவட்டத்தில் 30 லட்சத்துச் சொச்சம் பேர். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிவு 83.45 சதவீதம். அதாவது படிக்கத் தெரிந்தவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று எடுத்தாலே செல்லப்பா வரம்பு கட்டிய இரண்டாயிரம் தாண்டிவிடும். ஒரு மாவட்டத்திலேயே! பிறகு எதற்காக நாம் மீதி 999 பேரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்? வணிகவியல் படித்த தங்கைகள் கடை வைப்பீர்கள், வங்கிக்குப் போவீர்கள். தமிழ் படித்த தம்பிகள் ஆசிரியர் ஆவீர்கள். எந்த வேலை என்றாலும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அண்ணன் உரிமையோடு சொல்கிறேன்.

உங்களில் எழுதுகிறவர்கள் சிலர் இருப்பீர்கள். எனக்குத் தெரியும், நான் படித்தபோதும் கடைசி வரிசையில் நாலு பேர் இருந்தோம். வாசலில் ஒரு மேசை போட்டு, நீள வாக்கில் கோடு போட்ட என் சந்தா நோட்டை வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுப் போங்கள். மாணவர்களுக்கு முதல் வருடம் சந்தா இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும் போதாது, தெருப் பெயரும் பின்கோடும் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அவற்றை ராப்பரில் எழுத வேண்டியவன் நான். அம்மா இப்போது இல்லை. பசை காய்ச்சுவது தங்கை மகள்.